மேகத்துக்குச் சட்டை தைத்தவளின் குரல்

ஆயுத பூஜைக்கு நாடகம் போடுகிற வழக்கம் எங்கள் பனியன் கம்பெனியில் மூன்று வருஷம்தான் இருந்தது. மூன்று வருஷமும் ஒரே நாடகம். அதை மறுபடியும் மேடையேற்றப் போகிறார்கள் என்று என்னோடு வேலை பார்த்த கூட்டாளியின் மகள் போனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"பெரிம்மா, கம்பெனிக்கு அம்பது வருஷமாமுங்க. பழைய ஆளுங்களுக்கெல்லாம் பத்திரிகை குடுக்கறாங்க. நாம ரெண்டு பேரும் போலாமுங்க. அப்படியே அம்மா பாடின கேசட்டையும் முதலாளி ஊட்டுல கேட்டு வாங்கிரலாமுங்க" என்றாள்.

கேசட் முதலாளி வீட்டில் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. என் பீரோவில், பழைய சேலைகளுக்கு அடியில், பலகாரம் வந்த தகர டப்பா ஒன்றில் இருக்கிறது. அதிலிருந்து இனி எந்தச் சத்தமும் வராது. முப்பது வருஷத்துக்கு மேலாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நல்லூரில் அப்போது அது சின்னக் கம்பெனி. எனக்கும் அவளுக்கும் இருபது வயது இருக்கும். நான் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்குப் பின்னால் செக்கிங் மேஜையில் நின்றாள். நான் தைத்துப் போடுவதில் ஓட்டை, கறை, விட்ட தையல் பார்ப்பது அவள் வேலை. பார்த்துக்கொண்டே பாடுவாள். மிஷின் சத்தத்துக்கு மேலே பாடினால்தான் கேட்கும் என்பதால் அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடுவாள். என் தையலில் குறை கண்டால் பாட்டை நிறுத்தாமலே துணியை என் முதுகில் விட்டெறிவாள். இரண்டு பேரும் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவோம். அதற்குள் குறைந்தது நாலு தடவை சண்டை போட்டு நாலு தடவை சேர்ந்துவிடுவோம்.

நாடகத்தை எழுதியவர் எங்கள் அயர்ன் மாஸ்டர். ஆர்மோனியம் வாசிப்பார், வெற்றிலை போடுவார், யார் சொன்னாலும் கேட்கமாட்டார். கதை இதுதான். ஊரில் மழை இல்லை. ஒரு தையல்காரப் பெண் மேகத்திடம் போய், ஏன் பெய்யவில்லை என்று கேட்கிறாள். சட்டை இல்லாமல் குளிரில் எப்படிக் கீழே இறங்குவது என்கிறது மேகம். இவள் அளவெடுத்துத் தைக்கிறாள். தைத்து முடிப்பதற்குள் மேகம் பெருத்துவிடுகிறது. மறுபடியும் அளவு, மறுபடியும் தையல். கடைசியில் தைத்ததையெல்லாம் அவளே பிரித்துப்போட, நூல் நூலாக மழை இறங்குகிறது. மொத்தம் ஏழு பாட்டு. "மீடியமா, லார்ஜா?" என்று மேகத்திடம் அவள் கேட்கிற இடத்தில் கட்டிங் செக்‌ஷன் முழுக்க விசிலடிக்கும்.

மேகம் என்றால் வெட்டி மிஞ்சிய வெள்ளைப் பனியன் வேஸ்ட்டை ஒரு மூட்டையாகக் கட்டி, கூரை உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டது. அதை ஆட்டினால் பஞ்சு உதிரும். தையல்காரப் பெண்ணாக நின்ற என் கூட்டாளி அந்தப் பஞ்சை விழுங்கிக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு பாடுவாள்.

*நின்னு போ மேகமே,*
*நெஞ்சளவு எடுக்கோணும்…*

அவள் குரலை நல்ல குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கனத்த குரல், மேலே போகும்போது கரகரக்கும். தாளத்தில் வேறு நிற்கமாட்டாள். ஆர்மோனியம் எடுத்து அரை நொடி கழித்துத்தான் எடுப்பாள். வரி முழுக்கப் பின்னாலேயே வந்து, முடிகிற இடத்தில் ஓடிவந்து சேர்ந்துகொள்வாள். மாஸ்டர் ஒவ்வொரு ஒத்திகையிலும் தலையிலடித்துக்கொள்வார். "பஸ்ஸை உட்டுப்போட்டு ஓடியாறாப்புலயே பாடறயே புள்ள!" என்பார். ஆனால் அந்த அரை நொடிக்காகத்தான் நாங்களெல்லாம் ஒத்திகைக்கே வந்தோம். வருவாளா மாட்டாளா என்று மனசு எட்டிப் பார்க்கும், அப்போது வந்துவிடுவாள். எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு பாட்டை நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாவது வருஷம், என்னிடம் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு புது டூ-இன்-ஒன் இருந்தது. அதை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்து ஏழு பாட்டையும் பதிந்தேன். அதற்கடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக் குடும்பம். மாமனாருக்கு, மருமகள் மேடையேறினவள் என்பது ஒரு குறை. கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார், இனி பாட்டு கூத்து எதுவும் வேண்டாம் என்று. நான் பதிந்து தந்த கேசட்டை அவள் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். "அங்க கொண்டு போனா அடுப்புல போட்டுருவாங்க. நீ வெச்சிரு புள்ள. நான் வரும்போதெல்லாம் கேட்டுக்கறேன்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். மாதம் ஒரு தடவை, அம்மா வீட்டுக்கு வருகிற சாக்கில். காபியைக்கூட ஆறவிட்டுவிட்டு டூ-இன்-ஒன்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். தான் பாடியதைத் தானே கேட்டுச் சிரிப்பாள், சில நாள் அழுவாள். அந்த வீட்டில் அவள் முணுமுணுப்பதுகூட இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு மிச்சம்.

இனி என் கைங்கரியத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் எதைத் துடைப்பதென்றாலும் பனியன் வேஸ்ட்தான். எது மக்கர் பண்ணினாலும் ஒரு சொட்டு மிஷின் ஆயில்தான். கதவு கீல், சைக்கிள், மிக்ஸி, தையல் மிஷின் என்று வித்தியாசம் கிடையாது. துடை, ஆயில் விடு, ஓட்டிப் பார். டூ-இன்-ஒன் கொஞ்ச நாளாகவே பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டிலிருந்த சாமான்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தேன். இதற்கும் வைப்போம் என்று கேசட் போடுகிற கதவைத் திறந்து, சக்கரம் சக்கரமாக ஆயில் விட்டேன். சொட்டுக் கணக்கெல்லாம் இல்லை, தாராளமாகவே விட்டேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்ததும் முதல் பாட்டு அவள் பாட்டாக இருக்கட்டும் என்று கேசட்டைப் போட்டேன்.

ஒரு வரி பாடியது. அப்புறம் குரல் தண்ணீருக்குள் போனது மாதிரி கொழகொழத்தது, அப்புறம் நின்றேவிட்டது. திறந்தால், டேப் உருளையில் பின்னிக்கொண்டு ஆயிலில் ஊறிக் கிடந்தது. இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. அப்போதாவது விட்டிருக்கலாம். ஆயில் கறை பட்ட பனியன் பீஸுக்கு நாங்கள் என்ன செய்வோமோ அதையே இதற்கும் செய்தேன். சோப்புத் தண்ணீரில் நனைத்து, வேஸ்ட்டால் ஒத்தி, நிழலில் கொடி கட்டிக் காயப்போட்டேன். முற்றத்தில் கறுப்பாக, நீளமாக, என் கூட்டாளியின் ஏழு பாட்டும் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. காய்ந்ததும் பென்சிலால் சுற்றி உள்ளே தள்ளினேன். வெறும் இரைச்சல்தான் வந்தது.

தீபாவளிக்கு மறுநாள் அவள் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. வந்ததும் கண் அலமாரிக்குத்தான் போனது. நான் அடுப்படியில் நின்றுகொண்டு, திரும்பாமலேயே சொன்னேன்: "முதலாளியம்மா கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க புள்ள. கேட்டுட்டுத் தாரேன்னாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் போதும், அதற்குள் எவனாவது டேப்பைச் சரிபண்ணித் தந்துவிடுவான் என்று நினைத்திருப்பேன். முதலாளியம்மாவிடம் போய் எங்களைப் போன்றவர்கள் எதையும் திருப்பிக் கேட்கமுடியாது என்பதும் என் புத்திக்குத் தெரிந்திருக்கும். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"நெசமாலுமா? அவங்களே கேட்டாங்களா? என்ற பாட்டையா?"

அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? ஆமாம் என்றேன். ரொம்பப் பிரியமாகக் கேட்டார்கள் என்று கூட ஒன்றையும் சேர்த்தேன்.

அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவள் ஒரு ஆயுசை ஓட்டினாள். முதல் இரண்டு வருஷம் "குடுத்தாங்களா?" என்று கேட்பாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். வருவதும் குறைந்தது, என் வீட்டுக்கு வர அவளுக்கு வேறு காரணம் என்ன இருந்தது? ஆனால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனாரிடம் சொன்னாளாம், நாத்தனாரிடம் சொன்னாளாம். மகளிடம் கதை மாதிரி சொல்லி வளர்த்தாள். "என்ற பாட்டு முதலாளி ஊட்டுல இருக்குது கண்ணு, அந்தம்மாவே கேட்டு வாங்கிக்கிட்டாங்க" என்று. முதலாளியம்மா இறந்துபோனபோது அவள் அனுப்பர்பாளையத்திலிருந்து மாலை வாங்கிக்கொண்டு வந்து, கூட்டத்தில் நின்று அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நெஞ்சில் நோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பேச முடியாமல் மூச்சு வாங்கியது. கையை ஆட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள். "அந்தக் கேசட்டு… முதலாளி ஊட்டுல ஒருக்கா கேட்டுப் பாரேன் புள்ள. பாப்பா கேட்டதே இல்ல" என்றாள். கேட்கிறேன் என்றேன். இரண்டு வாரத்தில் போய்விட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டியாவது இருப்பாள். திட்டுகூட வாங்காமல் அவளை அனுப்பிவைத்தேன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவிநாசி ரோட்டில் பெரிய மண்டபத்தில். மகள் ஸ்கூட்டரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனாள். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கிலீஷில் சண்டை பிடிப்பாள், என்னிடம் மட்டும் இன்னும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். அன்றைக்கு அவள் அம்மாவின் சேலையைக் கட்டியிருந்தாள். "கேசட்டு கெடைச்சா கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுக்கலாமுங்க பெரிம்மா. நாடகம் முடிஞ்சதும் எம்டியப் புடிச்சு நேரா கேட்டுருவேன்" என்றாள். பழைய முதலாளியின் பேரன்தான் இப்போது எம்டி. அந்தப் பையனுக்கு இந்த விஷயமே தெரியாது, பாவம்.

குறை சொல்லவேண்டும் என்றே போய் உட்கார்ந்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன். மேடை முழுக்கப் பெரிய திரை, அதில் நிஜ மேகம் மாதிரியே மேகம் நகர்ந்தது. புகை விட்டார்கள். ஆர்மோனியம் இல்லை, இசையெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. தையல்காரப் பெண்ணாக வந்தவள் ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண். தமிழ் வரிகளைத் தன் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தாளாம். சரிதான், மாஸ்டர் உயிரோடு இருந்திருந்தால் ஆர்மோனியத்தைத் தூக்கி எறிந்திருப்பார் என்று நினைத்தேன்.

அவள் வாயைத் திறந்து பாடினாள். சுத்தமான குரல். மெல்லிசாக, எங்கேயும் பிசிறில்லாமல், இசை எடுத்த அதே இடத்தில் எடுத்து, விட்ட அதே இடத்தில் விட்டாள். என்னால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. என் கூட்டாளியின் பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வார்த்தை மட்டும்தான் ஒன்று. பக்கத்து வரிசைகளில் இருந்த பழைய ஆட்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "மீடியமா, லார்ஜா?" என்று அவள் அரைகுறைத் தமிழில் கேட்டபோது மண்டபமே விசிலடித்தது. எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வேண்டிய அந்த அரை நொடி எங்கேயும் வரவில்லை, ஏழு பாட்டு முழுக்க அதற்காகவே காத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவும் இப்பிடித்தான் பாடுவாங்களா பெரிம்மா?" என்று காதோரம் கேட்டாள். அவள் முகம் நனைந்திருந்தது. நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்கிற ஆட்டல்தான்.

முடிந்ததும் கூட்டம் சாப்பாட்டுக்குப் போனது. எம்டி படிக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். மகள் சேலையைச் சரிபண்ணிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். எனக்கு முட்டி வலி, ஓடமுடியாது. ஆனாலும் அன்றைக்கு ஓடினேன். கை கழுவுகிற குழாய்களுக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"கேக்காத கண்ணு."

"ஏனுங்க? கூச்சப்படறீங்களா? நானே கேட்டுக்கறனுங்க."

"அங்க இல்ல. அவங்க வாங்கவே இல்ல. எங்கிட்டத்தான் இருக்குது. கெட்டுப்போச்சு. நாந்தான் கெடுத்தேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கை கழுவி, எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயில் விட்டது, சோப்புப் போட்டது, கொடியில் காயப்போட்டது, முதலாளியம்மா பேரைச் சொன்னது, ஆஸ்பத்திரியில் கேட்கிறேன் என்றது. சொல்லி முடித்தபோது அவள் சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"அப்ப எங்கம்மா பாடின குரல் எங்கயுமே இல்லீங்களா?"

"இல்ல கண்ணு."

"வேற யார்கிட்டயாவது? போன்ல, எதுலயாவது?"

"பாடினது எதுலயும் இல்ல."

ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

"அந்தப் புள்ள பாடும்போது கேட்டேனுங்களே, அம்மாவும் இப்பிடித்தான் பாடுவாங்களான்னு. தலையாட்டுனீங்க. அதுவும் பொய்யிங்களா?"

சொல்லியிருக்கவேண்டும். அவள் குரல் அப்படி இல்லை, கனமாக, கரகரப்பாக, எப்போதும் பின்தங்கி வரும், அதைக் கேட்டவர்களில் ஞாபகம் வைத்திருப்பது இன்றைக்கு நான் ஒருத்திதான் என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பெண்ணுக்குக் கையில் என்ன மிஞ்சும்? இப்படி அவளுக்காக யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். ஒரே நாளில் இரண்டு குற்றத்தை ஒப்புக்கொள்ள எனக்குத் திராணி இல்லை.

"இல்ல கண்ணு, அது நெசந்தான். பேசற குரல் வேற, பாடற குரல் அச்சு அசலா இதேதான்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப போகட்டுமுங்க பெரிம்மா. கேசட்டு போனாப் போவுது. இன்னைக்கு நான் எங்கம்மாவைக் கேட்டுட்டேன். போதுமுங்க" என்றாள். கேசட்டை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. உங்களைத்தானே வெச்சிருக்கச் சொன்னாங்க" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் இலைக்கு மைசூர்பாகு கேட்டு வாங்கிப் போட்டாள். நான் அதைச் சாப்பிட்டேன்.

கடைசிப் பாட்டை அவள் போனில் எடுத்துவைத்திருந்தாள். அம்மாவின் நினைவு நாளன்று, அம்மாவின் போட்டோவைப் போட்டு, அந்தப் பாட்டைக் கீழே ஓடவிட்டு ஸ்டேட்டஸ் வைத்தாள். எனக்குத் தனியாகவும் அனுப்பினாள். அனுப்பர்பாளையத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். இவ்வளவு நல்லாப் பாடுவாளா என்று நாத்தனார் அழுதாளாம். போட்டோவில் என் கூட்டாளி வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், ஒடிசாப் பெண் பாடுகிறாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் வீட்டுக்கே துணி வாங்கிவந்து பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். நேற்றுப் பகலில் வெட்டிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் இப்போது எனக்குப் பின்னால் மேஜையில் நின்றால் இந்தத் துணியை முதுகில் விட்டெறிவாள் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அப்படியே அந்தப் பாட்டை அவள் குரலில் மனசுக்குள் எடுத்துப் பார்த்தேன். *நின்னு போ மேகமே.* அரை நொடி பொறுத்து, அவள் வருவதற்காகக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். காத்திருக்க விடவில்லை. அந்த ஒடிசாப் பெண்ணைப் போலவே சுத்தமாக, மெல்லிசாக, சரியான இடத்தில் எடுத்துவிட்டாள்.

மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் சரியான நேரத்துக்கே வந்தாள்.